தங்கவயலுக்குப் போன கொள்ளுத்தாத்தா: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

குடியாத்தத்தான்

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதிக்குப் புதியவன். அப்பாவின் தாத்தாவைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை இதுதான்: தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பெற்றோரை இழந்தவர். ஒரு மேஸ்திரியோடு வயநாட்டுப் பக்கம் தங்கம் எடுக்கும் வேலைக்குப் போனார். அது படுத்துவிட்டது. அப்புறம் கோலார் தங்கவயலுக்கு வந்து மைசூர் மைனில் இறங்கினார். அங்கேயே செத்தும் போனார். பிலவ வருஷம் மாசி மாதம் என்று பாட்டி சொல்வார், திதி அதை வைத்துத்தான் கொடுத்துவந்தார்கள்.

கையில் இருப்பவை: ஒரு பித்தளை வில்லை, மேலே ஓட்டை, நடுவில் ஓர் எண், மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. அப்புறம் 1924இல் குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம். அதில் வாங்குபவரைப் பற்றி ‘மைசூர் சமஸ்தானம் கோலார் ஜில்லா மாரிக்குப்பம் மைசூர் மைன் லைனில் வசிக்கும் இன்னார் குமாரர்’ என்று ஒரு வரி. வாங்கியவர் என் தாத்தா. ‘இன்னார்’ என்ற இடத்தில் இருப்பதுதான் நான் தேடும் ஆள்.

சுரங்கக் கம்பெனியின் பழைய ஆள் பதிவேடுகளை எங்கே பார்க்கலாம்? சிறப்பு அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

பழைய_காகிதம்

வாங்க. கேட்டதற்கு நேர் பதில்: கம்பெனிப் பதிவேட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தங்கவயலைத் தேடி வரும் எல்லோரும் முதலில் அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு காரணம், அந்தக் காலத்தில் கூலியாட்களில் பெரும்பகுதி நேரடியாகக் கம்பெனி ஆட்கள் கிடையாது. கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரியின் கீழே ஆட்கள். கம்பெனிக்கு இத்தனை தலை என்று கணக்கு போகும், யார் அந்தத் தலை என்பது மேஸ்திரியின் நோட்டோடு சரி. இன்னொன்று, நிறுவனம் கை மாறிய வரலாறு. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகம் 1880 வாக்கில் உள்ளே வந்து 1956 வரை இருந்தது. பிறகு மைசூர் மாநில அரசு, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ், 2001 பிப்ரவரி 28இல் மூடல். 1950களுக்குப் பிந்தைய ஆள் என்றால் பி.எஃப்., சர்வீஸ் சர்டிபிகேட், மருத்துவச் சீட்டு என்று வீட்டிலேயே ஏதாவது கிடக்கும். 1890களின் ஆளுக்கு அந்த வழி உதவாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் தேட முடியாது. இங்கிலாந்து, அமெரிக்காவில் வீடு வாரியான தாள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தாள்களை அழித்துவிட்டார்கள். தங்கவயலின் மக்கள்தொகை 1891இல் சுமார் 7,000, 1901இல் சுமார் 38,000. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த இரண்டாவது எண்ணுக்குள் ஒருவராக இருக்கலாம், அவ்வளவுதான் அதிலிருந்து கிடைக்கும்.

சரி, எங்கே தேடுவது? உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய புதையல் அந்தக் கிரயப் பத்திரம். நிலம் எந்த சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அங்கே பழைய அட்டவணைப் புத்தகங்கள் இருக்கும். ஒன்று பெயர்வாரி, இன்னொன்று சொத்துவாரி. இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று பிற்காலத்து ஆண்டுகளுக்குத்தான். அதற்கு முந்தையதைக் கையால் தேடச் சொல்லி மனு போட வேண்டும். பெயர்வாரி அட்டவணையில் உங்கள் தாத்தாவின் பெயரில் வேறு பத்திரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடமானம், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம் (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது) ஏதாவது ஒன்று இருந்தால் அதில் அண்ணன் தம்பி, சித்தப்பா பெயரெல்லாம் வரும்.

அடுத்தது கிராமத்தின் செட்டில்மெண்ட் ரெஜிஸ்டர், அதாவது எந்த சர்வே எண் யார் பெயரில் என்று சொல்லும் பழைய நிலவரிப் பதிவேடு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். ஆண்டு பசலி என்ற நிலவரி ஆண்டுக் கணக்கில் இருக்கும், 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

பிலவ மாசி என்பது 1902 பிப்ரவரி–மார்ச். அறுபது வருடச் சுற்று என்பதால் 1842, 1962 என்றும் கணக்கு வரும், ஆனால் உங்கள் கதைக்கு 1902தான் பொருந்தும். தலைமுறைக் கதைகளில் இவ்வளவு துல்லியமான தேதி கிடைப்பது அரிது. பாட்டிக்கு நன்றி சொல்லுங்கள்.

சந்தேகப்_பிராணி

தேதி சரி. அந்த வயநாட்டுக் கதையை எவ்வளவு நம்பலாம்? ‘முதலில் அங்கே தங்கம், பிறகு இங்கே தங்கம்’ என்பது பிற்பாடு யாரோ அழகாகக் கோத்தது போலப் படுகிறது. எங்கள் குடும்பத்திலும் ஒருவர் ‘தங்கம் கண்டுபிடித்தார்’ என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் அவர் சுரங்கத்துக்கு விறகு வண்டி ஓட்டியவர்.

தேவாலாக்காரன்

சந்தேகப்படுவதில் தப்பில்லை, ஆனால் இந்தக் கதைக்குக் கால் இருக்கிறது. வயநாட்டுத் தங்க வேட்டை நடந்தது உண்மை. நான் இருப்பதே அந்த மண்ணில்தான்.

காபித் தோட்டங்களைத் துளைப்பானும் இலைநோயும் தின்றுகொண்டிருந்த காலம் அது. தோட்டத்துரைமார் கடனில் மூழ்கியிருந்தார்கள். 1870களின் நடுவில் தேவாலாவில் ஆல்ஃபா என்ற கம்பெனி பாறையில் தங்கம் தேட ஆரம்பித்தது. பணியர்களும் குறும்பர்களும் அதற்கு வெகு முன்பிருந்தே ஆற்று மணலை மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்தவர்கள்தான். 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கம் வரவழைத்தது. அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் பங்குச் சந்தை தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வயநாடு என்று பெயர் வைத்தால் போதும், பங்கு விற்றுப்போகும். காபித் தோட்டங்களையே தங்கச் சுரங்கம் என்று சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பந்தலூரில் ஓட்டல், கடைகள், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் முளைத்தன. சில வருடத்தில் எல்லாம் முடிந்தது. பாறையில் தங்கம் இருந்தது, செலவுக்குக் கட்டுபடியாகும் அளவுக்கு இல்லை. இப்போது அந்தச் சுரங்க வாய்கள் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே கிடக்கின்றன. உள்ளே போகாதீர்கள், விழுந்து செத்தவர்கள் உண்டு.

கோலார் எழுந்ததும் அதே நேரம். 1802இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி உரிகம், மாரிக்குப்பம் பக்கம் ஊர்மக்கள் தங்கம் அலசுவதைக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசாங்கத்திடம் உரிமம் கேட்டு வாங்கினார். 1880களின் தொடக்கத்தில் அங்கேயும் பணம் கரைந்துகொண்டிருந்தது. மைசூர் மைனைக்கூட மூடிவிடலாம் என்ற நிலையில், பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவைப் பிடித்தார், கதை மாறியது. வயநாட்டில் வேலை போன மேஸ்திரி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார் என்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தாதான் அப்படிப் போனார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அதில் சந்தேகப்_பிராணியோடு உடன்படுகிறேன்.

தேடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் ஜில்லாவில் இருந்தது, அப்புறம்தான் நீலகிரியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய காகிதங்களை ஊட்டியில் தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பாதீர்கள், மலபார் கோப்புகளைக் கேளுங்கள். நிலமும் இங்கே பெரும்பாலும் ஜன்ம நிலம். நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளிடம், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களிடம், குத்தகை வாங்கித்தான் தோண்டினார்கள், அதனால் வழக்குகளும் அதிகம்.

இன்னொன்று. இன்று பந்தலூர், தேவாலா, சேரம்பாடி பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்து ‘தங்க வேட்டைக் காலத்து வாரிசுகள்’ என்று முடிவு கட்டாதீர்கள். நிறையப் பேர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். என் குடும்பமும் அதில்தான் சேர்த்தி.

சும்மா_வாசகன்

அருமையான இழை. பின்தொடர்கிறேன். அந்தப் படம் பார்த்ததிலிருந்து தங்கவயல் என்றாலே ஒரு இது.

நெறியாளர்

சினிமாவுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே குடும்ப வரலாறு மட்டும்.

மாரிக்குப்பம்_பேத்தி

குடியாத்தம் அண்ணா, நான் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கமும் வட ஆற்காடுதான்.

முதலில் அந்த வில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பெரியப்பா சொல்வார், கேஜில் (சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு) இறங்கும் முன் ஜன்னலில் கொடுத்துவிட்டு, மேலே வந்ததும் திரும்ப வாங்க வேண்டும் என்று. ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஜன்னலில் ஒரு வில்லை மிச்சம் இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஓட்டையின் மேல்விளிம்பு எப்போதும் ஒரு பக்கம் மெலிந்திருக்கும், ஆணியில் தொங்கித் தொங்கித் தேய்வது அது. உங்களுடையதைப் பாருங்கள், அப்படி இருந்தால் உண்மையாகவே புழங்கியது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆளைத் தேடாதீர்கள். ஆள் வேலையை விட்டுப் போனால் அதே எண் அடுத்தவனுக்குப் போகும் என்பார் பெரியப்பா. அது கொள்ளுத்தாத்தாவுடையதா, தாத்தாவுடையதா என்றுகூடத் தெரியாதே.

நான் கேட்பது வேறு: எந்த லைன்? ‘மைசூர் மைன் லைன்’ என்பது பொதுப் பெயர். ஒவ்வொரு லைனுக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருப்பார்கள். ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வீடு, குனிந்துதான் உள்ளே போக வேண்டும், ஒரே அறை. ஒரு வீட்டில் பகல் ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிஃப்ட்காரன் படுப்பான். அந்த நெருக்கத்தில் யார் எந்த ஊர், யாருக்குப் பெண் எடுத்தார்கள் என்று எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அது இரண்டு மூன்று தலைமுறைக்கு அழியாது. லைன் பெயர் தெரிந்தால் அங்கே இன்னும் இருக்கும் பெரியவர்களிடம் உங்கள் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்காதீர்கள், முனிசாமியும் சின்னத்தம்பியும் லைனுக்குப் பத்துப் பேர். ஊரைக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் குடும்பத்தில் யாராவது பௌத்த சங்கத்தில் இருந்தார்களா? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தமிழன் பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்குத் தங்கவயலில் நிறைய ஆதரவு. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கக் கிளைகள் இருந்தன. பிற்பாடு அப்பாதுரையார் அந்தப் பத்திரிகையை இங்கிருந்தே நடத்தினார். சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்ட சின்னச் சின்னப் புத்தகங்களும் உண்டு. அந்தக் காலத்துப் பத்திரிகையில் கல்யாணச் செய்தி, மரணச் செய்தி, நன்கொடைப் பட்டியல் எல்லாம் போடுவார்கள். கம்பெனிக்குத் தலை எண்ணிக்கையாக மட்டும் இருந்த ஆள், அங்கே பெயரோடும் அப்பா பெயரோடும் வருவார். உங்கள் கொள்ளுத்தாத்தா 1902இலேயே போய்விட்டார், ஆனால் தாத்தாவைத் தேடலாம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் அரசின் தமிழ் இணைய நூலகத்திலும் பழைய இதழ்களைத் தேடிப் பாருங்கள்.

குடியாத்தத்தான்

வில்லையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஓட்டை ஒரு பக்கம் மெலிந்துதான் இருக்கிறது! பௌத்த சங்கம் பற்றி வீட்டில் பேச்சே இல்லை, ஆனால் தாத்தாவின் தம்பி ஒருவருக்குக் கௌதமன் என்று பெயர். இத்தனை வருடம் அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

லைன் பெயர் தெரியாது. அத்தை ஒருவர் இருக்கிறார், கேட்கிறேன்.

சந்தேகப்_பிராணி

மேலே யாரும் சொல்லாதது: சாவு எப்படி என்று தெரியுமா? சுரங்க விபத்து என்றால் மைசூர் அரசாங்கத்தின் தலைமைச் சுரங்க ஆய்வாளர் ஆண்டறிக்கைகளில் விபத்து பற்றிய விவரம் வரும். 1902 ஆரம்பம் என்றால் பிளேக்கும் நினைவில் இருக்கட்டும். 1898இல் பெங்களூரில் நுழைந்தது, அந்தப் பக்கம் பல வருடம் விட்டுவிட்டு வந்தது. நெஞ்சு நோயும் உண்டு, பாறைத் தூசி நுரையீரலை அரிப்பதற்கு அன்று பெயர்கூடச் சரியாக வைக்கவில்லை. ‘மைனில் செத்தார்’ என்பதை வீட்டில் எல்லோரும் விபத்து என்றே எடுத்துக்கொள்கிறார்கள், அப்படி இருக்க வேண்டியதில்லை.

கல்லறைக்_குறிப்பு

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் வேலை எளிது, அதனால் எழுதுகிறேன். இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். நான் ஆங்கிலோ இந்தியன், அம்மா வழியில் கார்ன்வாலிலிருந்து வந்த ஒரு சுரங்கத் தொழிலாளி உண்டு. தகரச் சுரங்கங்கள் நொடித்ததும் கார்ன்வால்காரர்கள் உலகம் பூராவும் தங்கத்தின் பின்னால் போனார்கள், தங்கவயலுக்கும் வந்தார்கள். இத்தாலியர்களும் வந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபிகள்.

ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் திருச்சபைப் பதிவுகளைப் பாருங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் உண்டு. தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தாலும் மதராஸ் வரிசையில்தான் தேட வேண்டும். ஃபிபிஸ் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் இணையதளத்தில் இலவச அட்டவணை இருக்கிறது. வயநாட்டுக்கு வந்த ஆஸ்திரேலியர்களைத் தேட ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம், பழைய செய்தித்தாள்கள் அத்தனையும் இலவசம்.

தமிழ்க் கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயிலின் பழைய புத்தகங்கள். லத்தீனில் இருக்கும், பயப்படாதீர்கள், ஒரே வாக்கிய அமைப்புதான் திரும்பத் திரும்ப வரும். அந்தோணி ‘அந்தோனியுஸ்’ ஆவார், சூசை ‘யோசேபுஸ்’ ஆவார். பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். ஒருமுறை ஒரு கோயிலில் ‘அப்படி எதுவும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பங்குத்தந்தை மாறிய பிறகு போனேன், அதே அலமாரியில் இருந்தது. கேட்கும்போது ‘சாதிச் சான்றிதழுக்கு இல்லை, குடும்ப மரம் எழுதுகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், முகம் மலரும்.

வேறொரு_பேரன்

இழையைக் கொஞ்சம் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். என் கொள்ளுத்தாத்தா தங்கம் திருடியதற்காகச் சிறையில் இருந்தார் என்று பெரியம்மா ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அந்தக் காலத்து வழக்குப் பதிவு எங்காவது இருக்குமா? தேடலாமா வேண்டாமா என்றே குழப்பமாக இருக்கிறது.

பழைய_காகிதம்

தேடுங்கள். 1897இல் மைசூர் சுரங்கச் சட்டம் வந்தது. தங்கம் கலந்த கல்லோ பொடியோ பாதரசக் கலவையோ கையில் இருந்து, எப்படி வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் அதுவே குற்றம். திருடியதை அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, திருடவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அப்படிப்பட்ட சட்டத்தில் சிறைக்குப் போனவர் எல்லோரும் திருடர் என்று சொல்ல மாட்டேன். பெங்களூரில் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் மைசூர் அரசின் காவல், நீதித்துறைக் கோப்புகளைக் கேளுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதிய விதம் தலைசுற்றும். முனிசாமியை மூனிசாமி என்றும் எழுதியிருப்பான், மனசாமி என்றும் எழுதியிருப்பான். நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

மாரிக்குப்பம்_பேத்தி

என் கருத்தும் அதுதான். வேலை முடிந்து மேலே வந்தால் வாயைத் திறக்கச் சொல்லி, தலைமுடியை அவிழ்க்கச் சொல்லிச் சோதிப்பார்களாம். 1930இல் ஏப்ரல் மாதம் ஆட்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தபோது ‘எங்களை என்ன திருடன் என்று நினைத்தாயா’ என்றுதான் வேலைநிறுத்தமே நடந்தது. அவமானம் நம்முடையது இல்லை.

சந்தேகப்_பிராணி

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். சட்டம் கொடுமையானது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் திருட்டே நடக்கவில்லை என்று ஆக்கிவிட வேண்டாம். நடந்தது, அதை வாங்கி உருக்கிக் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். கோப்பில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். தியாகியாக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்வரை இணையத்தில் பெயரோடு போடாதீர்கள்.

வேறொரு_பேரன்

புரிகிறது. தேடுகிறேன், ஆனால் வெளியிட மாட்டேன். நன்றி.

நெட்டால்_வழி

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன், தமிழ் கொஞ்சம் தடுமாறும். எங்கள் பக்கம் ஒப்பந்தக் கூலிகளாக நெட்டாலுக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. முதல் கப்பல் ட்ரூரோ, 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள். பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. வட ஆற்காட்டுக் கிராமங்கள் நிறைய. ஒரே பஞ்சத்தில் அண்ணன் தங்கவயலுக்கும் தம்பி கரும்புத் தோட்டத்துக்கும் போன குடும்பங்கள் இருக்கலாம். ‘காணாமல் போன தம்பி’ என்று உங்கள் குடும்பக் கதையில் யாராவது வந்தால் இந்தப் பட்டியலில் கிராமத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பழைய_காகிதம்

நல்ல குறிப்பு. கூடவே ஜில்லா எல்லை: 1911 வரை சித்தூர், பலமனேர் எல்லாம் வட ஆற்காட்டில்தான். அந்த ஆண்டுதான் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரிந்தது. குப்பம் பக்கம் என்றால் கங்குந்தி ஜமீன், ஜமீன் கிராமங்களில் ரயத்துவாரிப் பட்டா (நேராக அரசுக்கு வரி கட்டுபவருக்குக் கொடுப்பது) கிடையாது, அந்தக் கணக்கெல்லாம் ஜமீனிடம் இருந்தது. மாநில எல்லையைப் பார்த்துத் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

சும்மா_வாசகன்

மரபணுச் சோதனை செய்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டாமே?

பழைய_காகிதம்

அதே சோதனையைச் செய்த உறவுக்காரர் ஒருவர் வேண்டுமே. நெட்டால், மொரிஷியஸ், பிஜி பக்கம் சோதனை செய்தவர்கள் இருக்கிறார்கள், கடல் கடந்த உறவுக்கு உபயோகப்படும். குடியாத்தத்துக்கும் மாரிக்குப்பத்துக்கும் நடுவே நடந்ததை அது சொல்லாது. அதோடு மாமன் மகள், அத்தை மகன் என்று பல தலைமுறை கட்டிய குடும்பத்தில் எல்லோரும் நெருங்கிய உறவாகத்தான் காட்டும்.

குடியாத்தத்தான்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், விவரம் சேர்ந்திருக்கிறது.

அத்தைக்கு லைன் பெயர் தெரியவில்லை. ஆனால் லைனில் இருந்த மாரியம்மன் கோயிலுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து மணி வாங்கிக் கொடுத்தார்கள் என்றார். மணியில் ஊர்ப் பெயர் வெட்டியிருக்குமாம். அது இன்னும் இருக்கிறதா என்று அங்கே உள்ளவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணையில் தாத்தாவின் பெயரில் இன்னொரு பத்திரம் கிடைத்தது, 1931இல் ஒரு விடுதலைப் பத்திரம். அதில் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் வருகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர். என் பெரியப்பாவுக்கும் அதே பெயர்தான்! பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் ஒரு தலைமுறை தள்ளி வேலை செய்திருக்கிறது.

அந்தப் பெயரோடு செட்டில்மெண்ட் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். சிக்கல் அங்கேதான். அதே கிராமத்தில் அதே பெயரில் இரண்டு பேர், அப்பா பெயரில் வேறுபாடு, இரண்டும் புன்செய், இரண்டும் கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. எங்களுடையவர் யார்?

மாரிக்குப்பம்_பேத்தி

மணியை நான் பார்க்கிறேன் அண்ணா. தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். கோயில் மணிகள் சிலதை மாற்றிவிட்டார்கள், பழையது உள்ளே கிடக்கிறதா என்று பூசாரியைக் கேட்கச் சொல்கிறேன். வெட்டியெழுத்து இருந்தால் மேலே மாவு தடவி போட்டோ எடுக்கச் சொல்கிறேன், அப்போதுதான் எழுத்து தெரியும்.

பழைய_காகிதம்

இரண்டு பேரில் ஒருவரைப் பிடிக்க வழி இருக்கிறது. பஞ்சத்தில் பெற்றோர் இறந்தார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பட்டா 1877–78க்குப் பிறகு வேறு பெயருக்கு மாறியிருக்க வேண்டும், அல்லது வரி கட்டாமல் அரசாங்கத்துக்குப் போய் ஏலம் விட்டிருக்க வேண்டும். இரண்டு சர்வே எண்களையும் குறித்துக்கொண்டு அடுத்த செட்டில்மெண்ட் ரெஜிஸ்டரில் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று மகன் பெயரில் தொடர்ந்து, மற்றது முற்றிலும் வெளி ஆள் கையில் இருந்தால், இரண்டாவதுதான் உங்களுடையவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. 1924இல் உங்கள் தாத்தா வாங்கிய நிலத்தின் சர்வே எண் என்ன? பழைய எண், புது எண் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து இந்த இரண்டில் ஏதாவது ஒன்றோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். தங்கவயலில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் அப்பன் விட்ட நிலத்தையே தேடி வாங்கியது பல இடங்களில் நடந்திருக்கிறது.

குடியாத்தத்தான்

பத்திரத்தில் சர்வே எண் 112/3. ரெஜிஸ்டரில் ஒருவருடையது 87, இன்னொருவருடையது 109. ஒப்பீட்டுப் பட்டியல் தாலுகா அலுவலகத்தில்தான் இருக்குமா, இல்லை நில அளவைத் துறையிலா?

பழைய_காகிதம்

முதலில் தாலுகா அலுவலகத்தில் நில அளவைப் பிரிவைக் கேளுங்கள். இல்லையென்றால் மாவட்ட நில அளவை அலுவலகம். மனுவில் கிராமத்தின் பெயரோடு கிராம எண்ணையும் எழுதுங்கள், ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருந்தால் அலைய விட்டுவிடுவார்கள்.